நீல பம்பை மாற்றச் சொல்கிறார்கள், அம்மா மறுக்கிறார்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, இருபது வருடமாக ஆஸ்துமா. நீல பம்ப் (வென்டோலின்) வருடத்துக்குக் குறைந்தது பத்து வாங்குகிறார். பழுப்பு பம்பும் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டீராய்டு என்று பயந்து அதைத் தொடுவதில்லை. போன வாரம் ஜீபி கிளினிக்கிலிருந்து, "சுற்றுச்சூழல் காரணத்துக்காக உங்கள் இன்ஹேலரைப் பவுடர் வகைக்கு மாற்றுகிறோம்" என்று போனுக்கு மெசேஜ் வந்தது. "உலகத்தைக் காப்பாத்த என் மூச்சுதான் கிடைச்சுதா இவங்களுக்கு?" என்கிறார் அம்மா. பதினைந்து வயது மகனோ, "பாட்டி, உங்க பம்ப் காரை விட மோசம்" என்று சொல்லிவைத்திருக்கிறான். இப்போது அம்மா அவன் எதிரில் பம்ப் அடிப்பதே இல்லை. மாற்றுவதா, மறுப்பதா? ஜனவரியில் மூன்று மாதம் சென்னைக்கும் போகிறார்.

பதில்:

மாற்றுவதா மறுப்பதா என்பது இருக்கட்டும், முதலில் மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீசிங் வரும்போது பம்பைத் தள்ளிப்போடுவது ஆபத்தான பழக்கம். மூச்சுக்குழாய் சுருங்கச் சுருங்க மருந்து உள்ளே போகும் வழியும் குறுகிவிடும், அப்புறம் இரண்டு பஃப்பில் முடிய வேண்டியது ஆம்புலன்ஸில் போய் முடியும். ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், வார்டில் நான்கு நாள் என்று போனால் அதற்கும் கார்பன் கணக்கு உண்டு, அது பம்பை விடப் பெரிது. பாட்டி தேவைப்படும்போது, யார் எதிரிலும், தயங்காமல் பம்ப் அடிக்க வேண்டும் என்பதை அவன் வாயாலேயே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அவன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பம்பில் மருந்து மிகக் கொஞ்சம்: ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். அதைத் தள்ளிக்கொண்டு வரும் வாயுதான் டப்பியின் பெரும்பகுதி. முன்பு சிஎஃப்சி வாயு இருந்தது. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்த ஹெச்எஃப்ஏ-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 1,300 மடங்கு. சில பம்புகளில் இருக்கும் 227இஏ வாயு 3,000 மடங்கையும் தாண்டும். டப்பிக்குள் இருப்பது இருபது கிராமுக்குள்தான் என்றாலும் கணக்கு கிலோவில் வருவது இதனால்தான்.

வென்டோலின் எவோஹேலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பது கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும், ஆக ஒரு பம்ப் பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல். இரண்டு பஃப் அடிப்பது சாதாரண பெட்ரோல் காரில் ஒன்றரை கிலோமீட்டர் போனதற்குச் சமம். அம்மாவின் பத்து பம்பும் சேர்ந்து வருடத்துக்கு 280 கிலோ. சென்னைக்குப் போய்வரும் விமான டிக்கெட் ஒன்றே ஒரு டன்னைத் தாண்டும் என்பதையும் மகனுக்குச் சொல்லிவைக்கலாம். பவுடர் இன்ஹேலரில் தள்ளும் வாயு கிடையாது, இழுக்கும் மூச்சுதான் மருந்தைக் கொண்டுபோகிறது. அதனால் அதன் கணக்கு பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் நின்றுவிடும்.

ஒருவருக்கு இது சிறிய கணக்குத்தான். நாடு முழுவதும் சேரும்போது பெரிதாகிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் மொத்தக் கார்பன் வெளியீட்டில் சுமார் 3 சதவீதம் இன்ஹேலர்களிலிருந்து வருகிறது. 2022-ல் வந்த சட்டப்படி நெட் ஜீரோ இலக்கு அவர்கள் மேல் கடமையாகவே இருக்கிறது, நேரடி வெளியீட்டுக்கு 2040 கெடு. பிரிட்டனில் விற்கும் இன்ஹேலர்களில் சுமார் 70 சதவீதம் வாயு பம்ப். ஸ்வீடனில் அது பத்தில் ஒன்று அளவுதான், அங்கே ஆஸ்துமாக்காரர்கள் இதனால் மோசமாகிவிடவும் இல்லை. ஆக உங்கள் கிளினிக் செய்ய நினைப்பதில் தப்பில்லை. ஒரு மெசேஜில் முடித்துவிடப் பார்த்ததுதான் தப்பு.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது வாயு இல்லை, "பத்து" என்ற எண். ஒரு பம்பில் 200 பஃப். பத்து பம்ப் என்றால் 2,000 பஃப், ஒரு நாளைக்கு ஐந்தாறு. கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாவில் ரிலீவர் (உடனடி நிவாரணத்துக்கான நீல பம்ப்) வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படக் கூடாது. வருடத்துக்கு மூன்று நீல பம்ப் தாண்டினாலே தீவிர அட்டாக் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-ல் வெளியான தேசிய அறிக்கையைப் பாருங்கள்: எத்தனை ரிலீவர் எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற பதிவு இருந்த 165 பேரில் 39 சதவீதம் பேர் கடைசி ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். அம்மா அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். கிளினிக் கவனித்திருக்க வேண்டியது இதைத்தான்.

நீல பம்ப் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது அம்மா ஒதுக்கும் பழுப்பு பம்ப். ஸ்டீராய்டு என்ற பயம் நம் வீடுகளில் சாதாரணம், அதை நையாண்டி செய்யாமல் கணக்குச் சொல்லுங்கள். பம்பில் வருவது மைக்ரோகிராம், அதுவும் நேரே நுரையீரலுக்கு. அதைத் தவிர்த்து அட்டாக் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரெட்னிசலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வீதம் குறைந்தது ஐந்து நாள் கொடுப்பார்கள், அது ரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் போகும். சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது என்று நாம் பயப்படுவதெல்லாம் அதிகமும் இப்படி அடிக்கடி எடுக்கும் மாத்திரையால் வருவது. பம்பில் சாதாரணமாக வருவது தொண்டைக் கரகரப்பு, வாய்ப்புண். அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் அதுவும் வராது.

நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, பிரிட்டனின் மார்பு மருத்துவர் சங்கத்தோடும் ஸ்காட்லாந்து வழிகாட்டு அமைப்போடும் சேர்ந்து 2024 நவம்பரில் புதிய ஆஸ்துமா நெறிமுறை வெளியிட்டது. ஆஸ்துமா உள்ள எந்த வயதினருக்கும் நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. பியூடசொனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளும் முறையை முன்னால் கொண்டுவந்தது. இதை மார்ட் என்பார்கள். அம்மாவைப் போல பழுப்பு பம்பை ஒதுக்குகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி: மூச்சு முட்டி எடுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் வீக்கத்துக்கான மருந்தும் சேர்ந்தே போய்விடும். சிம்பிகார்ட் டர்போஹேலர் 200/6 இதற்குப் பழக்கமான பவுடர் இன்ஹேலர். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 120 டோஸ் உள்ளது இரண்டு மாதம் வரும், வருடத்துக்கு ஆறு. ஆறு கிலோவுக்குள் விஷயம் முடிந்துவிடும். 280 எங்கே, ஆறு எங்கே! ஆஸ்துமா அடங்கினால் கார்பன் தானாகக் குறையும். மெசேஜில் அதைத் தலைகீழாக எழுதிவிட்டார்கள்.

ஆனால் மார்ட் அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 71 வயதில் இது ஆஸ்துமா மட்டும்தானா, சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயும் கலந்திருக்கிறதா என்று ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதிப் பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் சொல்லிவிடுங்கள். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து விடுகிறாரா என்றும் பாருங்கள். கண்ணில் விடுவதுதானே என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூட்டு வலிக்கு ஐபுரூஃபன் போடுகிறாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

இனி பவுடர் இன்ஹேலர் அவரால் முடியுமா என்பது. வாயு பம்பை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பவுடரை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இருபது வருடம் ஒரு விதமாக இழுத்தவருக்கு இது அப்படியே நேரெதிர். பவுடர் பிரிந்து தூசியாகி உள்ளே போக நிமிடத்துக்கு 30 லிட்டராவது மூச்சு வேகம் வேண்டும், டர்போஹேலருக்கு 60 இருந்தால் நல்லது. இன்-செக் டயல் என்ற சின்னக் குழாய்க் கருவியில் ஊதாமல் இழுத்துப் பார்த்தால் எண் தெரிந்துவிடும். ஆஸ்துமா நர்ஸிடம் பெரும்பாலும் இருக்கும், இரண்டு நிமிட வேலை. இந்த எண்ணைப் பார்க்காமல் 71 வயதுக்காரரைப் பவுடருக்கு மாற்றக் கூடாது. விரல் மூட்டு வலி, ஞாபக மறதி, மிகவும் தளர்ந்த உடம்பு என்று ஏதாவது இருந்தாலும் பவுடர் வேண்டாம் என்று சொல்ல அதுவே போதுமான காரணம்.

டர்போஹேலரில் தப்பு நடக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மூடியைக் கழற்றியதும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படுக்கவைத்தோ சாய்த்தோ திருகினால் டோஸ் சரியாக நிரம்பாது. அடியில் உள்ள சிவப்புப் பிடியை ஒரு பக்கம் முடியும் வரை திருகி, மறுபடி "க்ளிக்" கேட்கும் வரை திருப்ப வேண்டும். புதிதாகப் பிரித்த அன்று மட்டும் இதை இரண்டு தடவை செய்து தயார்ப்படுத்த வேண்டும். மூச்சை வெளியே விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ஹேலருக்குள் ஊதினால் வாய் ஈரம் பட்டு பவுடர் கட்டியாகிவிடும், அதிகம் பேர் செய்வது இந்தத் தப்பைத்தான். பிறகு உதட்டால் இறுக்கிப் பிடித்து ஒரே இழுப்பு, பத்து விநாடி வரை மூச்சை நிறுத்தி, பிறகு விடலாம்.

பம்பில் தொண்டையில் குளிர்ச்சியாக வந்து அடிக்கும். பவுடரில் அநேகமாக ஒன்றுமே தெரியாது. "மருந்தே வரல" என்று அம்மா திரும்பத் திரும்ப இழுப்பார், பிறகு "இது வேலை செய்யாது" என்று டிராயரில் போட்டுவிடுவார். புது இன்ஹேலரை நோயாளிகள் கைவிட இது ஒரு முக்கியமான காரணம். சந்தேகம் தீர ஒரு தடவை கறுப்புத் துணியை வாய்ப்பகுதியில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள், வெள்ளைப் பவுடர் துணியில் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்பது மருந்து இல்லை, ஈரத்தை உறிஞ்சவைத்திருக்கும் பொருள். மருந்து தீர்ந்த பிறகும் அது கேட்கும், அதை நம்பிக் காலி இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. சின்ன ஜன்னலில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள், எண்ணின் பின்னணி சிவப்பானால் கடைசிப் பத்து டோஸ்.

பவுடர் சரிப்படவில்லை என்றால் வாயு பம்பிலேயே ஒரு நடுவழி இருக்கிறது, இதைக் கிளினிக்குகள் அதிகம் சொல்வதில்லை. சலமால், ஏரோமிர் போன்ற பம்புகளிலும் அதே சால்பியூட்டமால், அதே 200 பஃப். ஆனால் வாயு குறைவு, கணக்கு 10 முதல் 12 கிலோவுக்குள். இழுக்கும் விதத்தை மாற்ற வேண்டியதில்லை, பெயர் மட்டும் மாறும், பாதிக்கு மேல் குறைந்துவிடும். இவற்றில் மிகச் சிறிதளவு ஆல்கஹால் இருக்கிறது, அதைத் தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம். எந்த வாயு பம்பாக இருந்தாலும் ஸ்பேசரோடு (பம்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) அடித்தால் தொண்டையில் படிந்து வீணாவது குறைந்து நுரையீரலுக்குக் கூடுதலாகப் போகும். ஸ்பேசரை மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவையுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வாயுவையே மாற்றிய பம்புகளும் வர ஆரம்பித்துவிட்டன. சிஓபிடிக்கான ஒன்றுக்கு 2025-ல் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. நீல பம்பிலும் இது வந்துவிட்டால் இந்தச் சண்டையே பெரும்பாலும் இருக்காது.

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். இன்ஹேலர் மாற்றம் பற்றி பிரிட்டனில் நோயாளிகளிடம் கேட்ட ஆய்வுகளில் அவருடைய வார்த்தைகள்தான் வேறு வேறு குரலில் வருகின்றன. அதே அளவு வேலை செய்யும், எளிதாக இருக்கும் என்றால் மாறத் தயார் என்பவர்கள் நிறைய. கேட்காமல் மாற்றுவதைத்தான் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள். சுற்றுச்சூழல் என்று சொல்லிவிட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறார்களோ என்ற சந்தேகமும் உண்டு. இன்னொரு கூட்டம் குற்ற உணர்வில் மருந்தையே குறைத்துக்கொள்கிறது, உங்கள் வீட்டில் நடப்பது அது. இத்தனைக்கும் காற்று மாசும் வெக்கையும் மகரந்தமும் முதலில் அடிப்பது ஆஸ்துமாக்காரர்களைத்தான். 2016 நவம்பர் 21-ல் மெல்பர்னில் இடிமழையோடு மகரந்தம் கிளம்பி ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பருவநிலை மாற்றத்தால் அதிகம் இழக்கப்போகிறவரிடமே தியாகம் செய்யச் சொல்வதுபோல் ஒரு மெசேஜ் அனுப்பினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மறுக்க அம்மாவுக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சையில் உள்ள அபாயங்களையும் மாற்று வழிகளையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் மான்ட்கோமரி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2019-லேயே நைஸ், இன்ஹேலர் தேர்வுக்காக நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு கையேடு வெளியிட்டது. கார்பன் கணக்கும் அதில் இருக்கிறது, ஆனால் மருந்து வேலை செய்வதும் சரியாக இழுக்க வருவதும்தான் அதில் முதலிடம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கிளினிக் காசில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். மகளாக நீங்கள் கூடப் போனாலும் கேளுங்கள், அம்மா உங்கள் வழியாகப் பேசும்போது பாதியை விழுங்கிவிடுவார்.

கிளினிக்குக்கு இப்படி எழுதுங்கள்: "அம்மா இப்போதைக்கு மாற்றத்துக்குச் சம்மதிக்கவில்லை. அவர் வருடத்துக்குப் பத்து வென்டோலின் எடுக்கிறார், பிரிவென்டர் (பழுப்பு பம்ப்) எடுப்பதில்லை. நேரில் ஆஸ்துமா ரிவ்யூ வேண்டும். அதில் மூச்சிழுக்கும் வேகத்தை அளக்கவும், மார்ட் பொருந்துமா என்று பார்க்கவும், எழுத்தில் ஆக்‌ஷன் பிளான் தரவும் கேட்டுக்கொள்கிறோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை." ஆங்கிலத்தில் இதே சில வரி போதும். பத்து பம்ப் என்ற எண்ணைப் பார்த்தால் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போகாது.

மாற்றம் முடிவானால் மருந்து வாங்கும் ஃபார்மசியில் நியூ மெடிசின் சர்வீஸ் கேளுங்கள், இலவசம். ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை, அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை பேசுவார்கள், இழுப்பதையும் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். மாற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் காலையும் இரவும் பீக் ஃப்ளோ (மூச்சை ஊதும் வேகம்) அளந்து எழுதிவையுங்கள். "நல்லா இல்ல" என்று அம்மா சொன்னால், எண்ணும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா என்று தெரியும். இறங்கியிருந்தால் பழையதற்கே திரும்பக் கேட்கலாம்.

சென்னைப் பயணத்துக்கு முன்னால் குறைந்தது ஆறு வாரம் புது இன்ஹேலரில் பழகியிருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் மாற்றத்தைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கான மருந்தை இங்கிருந்தே எடுத்துப் போகட்டும், கைப்பையில். அங்கே மருந்துக்கடையில் பவுடர் வகை கேட்டால் பெரும்பாலும் ரோட்டாகேப்ஸ் தருவார்கள், ஒவ்வொரு டோஸுக்கும் ஒரு கேப்சூலை ரோட்டாஹேலரில் போட்டு உடைத்து இழுக்கும் வேறு கருவி அது. பழக்கமில்லாதவர்கள் அந்தக் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவது உண்டு. எந்தப் பவுடர் இன்ஹேலரையும் குளியலறையிலோ சமையலறை ஜன்னலிலோ வைக்கக் கூடாது, இழுத்த உடனே மூடியை இறுக மூட வேண்டும், தண்ணீரில் கழுவவே கூடாது. வாயு பம்பை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடக் கூடாது, 50 டிகிரி தாண்டினால் டப்பி வெடிக்கலாம்.

டிராயரில் இருக்கும் வென்டோலின்களைத் தூக்கிப் போட வேண்டாம். காலியானவற்றையும் காலாவதியானவற்றையும் குப்பையிலோ மறுசுழற்சித் தொட்டியிலோ போடாமல் ஃபார்மசியில் திருப்பிக் கொடுங்கள். தீர்ந்த டப்பியிலும் வாயு மிச்சம் இருக்கும், உயர் வெப்பத்தில் எரிக்கும்போதுதான் அது அழிகிறது. இந்த வேலையை மகனிடம் கொடுத்துவிடுங்கள், பாட்டியிடம் குறை சொல்வதை விட உருப்படியான காரியம்.

எந்த இன்ஹேலருக்கு மாறினாலும் முதல் சில மாதம் ஒரு நீல பம்பும் ஸ்பேசரும் வீட்டில் இருக்கட்டும் என்று ஜீபியிடம் கேட்டுப் பாருங்கள். திடீரென்று அட்டாக் வந்தால் நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசரோடு 30 முதல் 60 விநாடிக்கு ஒரு பஃப், அதிகபட்சம் பத்து. மார்ட் இன்ஹேலர் மட்டும்தான் கையில் என்றால் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதிகபட்சம் ஆறு. இடையில் மோசமானாலோ, அத்தனையும் எடுத்தும் தணியாவிட்டாலோ 999. சென்னையில் 108.